பெல்ட்டில் சுழன்ற ஃபேனும் மின்சாரத்தில் சுழலும் ஃபேனும்

பழைய அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் வாட்டர் பம்பின் முனையில் ஃபேன் தெரியும். 1489 சி.சி. என்ஜின் சுற்றினால் பெல்ட் சுற்றும். பெல்ட் சுற்றினால் ஃபேன் சுற்றும். நடுவே ஸ்விட்ச் இல்லை, ஃபியூஸ் இல்லை, யாரும் உத்தரவிட வேண்டியதும் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் 796 சி.சி. என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. ரேடியேட்டர் சாலையைப் பார்த்தது. என்ஜினின் பெல்ட் முனை சக்கரத்தைப் பார்த்தது. பெல்ட்டால் சுற்ற வைக்க நேர்வழி இல்லாததால் ஃபேனுக்குத் தனி மோட்டார் வைத்தார்கள். நம் வீட்டு வாசல்களுக்கு மின்ஃபேன் பரவலாக வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பழைய ஃபேனுக்குத் தெரிந்தது என்ஜினின் வேகம் மட்டுமே, சூடு தெரியாது. நெரிசலில் நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும், ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். காற்று மிகுதியாக வேண்டிய நேரம் அதுதான். நெடுஞ்சாலையில் என்ஜின் 3000 சுற்றைத் தொடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. அங்கே ஃபேன் வீணாகப் பறக்கும். சுழலும் வேகம் இரண்டு மடங்கானால் ஃபேன் தின்னும் சக்தி எட்டு மடங்காகும். அவ்வளவும் பெட்ரோலிலிருந்து போனது. மலை ஏறும்போது மட்டும் அந்த ஃபேன் கைவிடாது: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் என்ஜின் இரைய, ஃபேனும் சேர்ந்து இரையும். அப்படியும் வண்டி கொதித்ததென்றால், பெரும்பாலும் காரணம் உப்புப் படிந்த ரேடியேட்டரும், கூலண்ட் இல்லாத வெறும் தண்ணீரும்தான்.

மின்ஃபேன் சூட்டை அறியும். ரேடியேட்டருக்குக் கூலண்ட்டை விடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும். தெர்மோ ஸ்விட்ச் 92-ஐ ஒட்டி ஃபேனை ஓட விடும், 87-ஐ ஒட்டி நிறுத்தும். காலையில் என்ஜின் விரைவில் சூடேறும், சத்தமும் குறைவு. இன்றைய கார்களில் அந்த ஸ்விட்சும் போய்விட்டது. சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது, ஏ.சி. போட்டால் ஃபேனும் எழுகிறது. வண்டியை அணைத்த பிறகும் சில கார்களில் சற்று நேரம் ஓடுகிறது. இது உண்மையான முன்னேற்றம்.

இழந்ததும் உண்டு. அன்று பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்வாங்க வேண்டும், சோதனை அவ்வளவுதான். பெல்ட் அறுந்தால் அதே பெல்ட்டில் ஓடும் டைனமோவும் நிற்கும், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். டிக்கியில் ஒரு ஸ்பேர் பெல்ட், இரண்டு ஸ்பானர் இருந்தால் சாலையோரத்திலேயே வேலை முடிந்துவிடும். இன்று ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே செத்தால் பெரும்பாலும் உடனே எந்த விளக்கும் எரிவதில்லை. ஓடும் வண்டி எதிர்க்காற்றில் சமாளித்துக்கொண்டே போகும். நெரிசலில் நின்றதும்தான் விஷயம் வெளியே வரும். பல சிறு கார்களில் சூட்டைக் காட்டும் முள்ளையும் எடுத்துவிட்டார்கள். அதை நான் சிக்கனமாகக் கருதவில்லை, குறையாகவே கருதுகிறேன்.

பழைய கார்களைப் பாதுகாத்து ஓட்டுகிற பலர் இன்று அவற்றுக்கு மின்ஃபேன் பொருத்துகிறார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய ஃபேன் கிடைக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டோடு சேர்த்தே வாங்குங்கள்; கூண்டு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள ரேடியேட்டரை மட்டுமே குளிர்விக்கும். இடம் இருந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்துக் காற்றை இழுக்க விடுவது நல்லது. முன்னால் வைத்துத் தள்ளும் ஃபேன் எதிர்க்காற்றை மறிக்கும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனை அல்ல, டைனமோவை. லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு 10, ஃபேனுக்கு 12 என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது. நின்றபடி ஓடும்போது டைனமோ ஏறக்குறைய எதுவும் தராது. ஃபேன் ஓட வேண்டிய அந்த நேரத்தில் பேட்டரிதான் கரையும். ஆகவே ஆல்டர்னேட்டர் போட்ட பிறகே மின்ஃபேன்.

வயரிங்கில் குறுக்குவழி வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதை இக்னிஷன் சாவியின் வழியே விட்டால் சாவியின் தொடுமுனை கருகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனை, 87-லிருந்து ஃபேன். 86-க்கு இக்னிஷனிலிருந்து மெல்லிய வயர். 85 தெர்மோ ஸ்விட்ச் வழியே எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். பெருவயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பெயின்ட் மேல் திருகிய எர்த் வயர்தான் பெரும்பாலும் காலை வாருவது. போல்ட் உட்காரும் இடத்தை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, வளையத்தை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறியிருந்தால் உள்ளே முனை தளர்ந்து சூடாகிறது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி ஓட விடுங்கள். ஃபேன் தானாகக் கிளம்பித் தானாக நிற்பதை இருமுறையாவது கண்ணால் பாருங்கள். காற்று என்ஜின் பக்கம் போகிறதா என்றும் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். அதன் பிறகு ஊருக்குக் கிளம்பலாம். பழைய பெல்ட்டைப் போல ஒரு ரிலேயும் இரண்டு ஃபியூஸும் டிக்கியில் கிடக்கட்டும்.