எலும்பு சேர்ந்த பிறகும் ஏன் இந்த வலி?

தரங்கம்பாடி வட்டாரத்தில் நாற்று நடுவதும், கடற்கரையில் சம்மணமிட்டு மீன் ஆய்வதும் இடுப்பு மூட்டை முழுதாக மடக்கும் வேலைகள். இடுப்புக் கிண்ணம் போதிய ஆழமில்லாமல் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலைகளின்போது இளம் வயதிலேயே தொடையிடுக்கில் குத்தல் தொடங்கிவிடும்.

கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டித் திருப்பி, தொடை எலும்பின் பந்து மீது நன்றாகக் கவியும்படி ஸ்குரூ போட்டு நிறுத்துவது இதற்கான திருத்த சிகிச்சை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984-ல் தொடங்கிய முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. பலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. ஆனால் எலும்பு சேர்ந்து, ஊன்றுகோலை விட்ட பிறகும் சிலருக்கு வலி தீர்வதில்லை. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதற்காக அந்த வலியைப் பொய்யென்று தள்ளிவிடக் கூடாது.

எங்கிருந்து வருகிறது?

கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ‘லேப்ரம்’ என்ற மென்வளையம் முன்பே கிழிந்திருக்கலாம். அது எக்ஸ்ரேயில் தெரியாது. கிண்ணத்தை அளவுக்கு மீறித் திருப்பியிருந்தால், குந்தும்போது தொடை எலும்பு விளிம்பில் இடிக்கும். ஸ்குரூ உறுத்தலாம், சேர்ந்ததாகத் தோன்றினாலும் வெட்டிய எலும்பு முழுதாகச் சேராமலும் இருக்கலாம். தசைநாண், முதுகு இரண்டையும் சோதிக்க வேண்டும்.

கிழிசலோ இடிப்போதான் காரணம் என்று உறுதியானால் நுண்துளை சிகிச்சை கைகொடுக்கும். மயக்க மருந்து தந்து, காலை இழுத்து மூட்டில் சிறு இடைவெளி உண்டாக்குவார்கள். இரண்டு மூன்று துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் உள்ளே போகும். கிழிந்த வளையத்தை எலும்போடு தைத்து, இடிக்கும் மேட்டைச் செதுக்குவார்கள். பிறகு பிசியோதெரபி மாதக்கணக்கில் தொடரும்.

யாருக்குக் கூடாது?

கிண்ணம் இன்னும் பந்தைச் சரியாக மூடாதிருந்தால், நுண்துளை சிகிச்சை மட்டும் செய்வது மூட்டை மேலும் தளர்த்திவிடக்கூடும். குருத்தெலும்பு வெகுவாகத் தேய்ந்திருந்தால் நுண்துளை சிகிச்சையால் பெரிய பயன் இராது; மூட்டு மாற்றைப் பற்றித்தான் பேச வேண்டும். துளை சிறியது என்பதற்காக மட்டும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். எந்த அசைவில், எந்த இடத்தில் வலிக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். இடுப்பு மூட்டில் தேர்ந்த மருத்துவருக்காக இங்கிருந்து தஞ்சாவூரோ சென்னையோ போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே மயிலாடுதுறை அரசு மருத்துவமனையிலேயே இப்படி வலி தீராதவர்களுக்கென்று மாதம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். வலியின் காரணத்தைக் கண்டு சொல்வதும் கிண்ணத்தைத் திருப்பிய அந்த முதல் சிகிச்சையின் கடமைதான்.