புயலும் தென்னையும்

புயலின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் நஷ்டமும் அவ்வளவே கூடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் காற்றின் சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்வதால், அந்தச் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது. அந்த வேகம் கூடுவது எதனால்? சமுத்திரம் உஷ்ணமடைய அடைய மிகுதியாக எழும் நீராவி, மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளிவிடும் வெப்பமே புயலுக்கு ஆகாரம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, நெல்லாயிருந்தால் அடுத்த போகத்தில் ஓரளவு ஈடுசெய்திருக்கக்கூடிய குடியானவன், நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டியவனானான், கடனுக்கு வட்டியோ (அது மட்டும் சாயவில்லை!) வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே, விழுந்த மரத்துக்கு மட்டும் நிவாரணம் கணக்கிடுவது, என் அபிப்பிராயத்தில், பாதிக் கணக்கே. காய்ப்பில்லாத வருஷங்களின் வருமானத்தையும் சர்க்கார் அதில் சேர்க்க வேண்டும்.