மாரிகாலமும் கோழிக்குஞ்சின் குருதிக்கழிச்சலும்

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என வினவும் நம் பழமொழி. தாயின் அடி குஞ்சுக்கு ஊறு செய்யாதென்பது உண்மையே. ஆயின், தாயின் எச்சம் குஞ்சைக் கொல்லவுங் கூடும் என உயிரியல் உணர்த்துகின்றது.

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்தது களுவாஞ்சிக்குடி. இங்கு வளவுகளில் மேயும் கோழிகள், சிந்திய நெல்லையும் அடுக்களைக் கழிவையும் உண்டு வளர்ந்து, இல்லத்தரசியின் கைச்செலவுக்கும் சிறாரின் ஊட்டத்துக்கும் துணையாவன. வெயிற்காலத்தில் விரைந்துலரும் மணல், வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை முதல் தை வரை ஈரமாகவே கிடக்கும். அக்காலத்தில் மூன்று முதல் ஆறு வார வயதுடைய குஞ்சுகள் சிறகு தொங்க ஒடுங்கி நின்று, குருதி கலந்து கழிந்து, ஓரிரு நாளில் மடிவதுண்டு. இதனைக் ‘காலக்கேடு’ என்று கூறி அமைதல் பொருந்தாது. இந்நோய்க்குக் காரணமும் உண்டு, தடையும் உண்டு.

காரணம் ஐமேரியா என்னும் ஒருகல ஒட்டுண்ணி. ஜெர்மானிய விலங்கியலறிஞர் தியோடர் ஐமரின் பெயரால் அஃது அவ்வாறு வழங்கப்படுகின்றது. கோழியைப் பற்றும் அதன் இனங்கள் பலவற்றை அமெரிக்க அறிஞர் டைசர் 1929ஆம் ஆண்டில் பகுத்து விளக்கினார். அவற்றுட் கொடியதான ஐமேரியா தெனெல்லா, குஞ்சின் இரு குருட்டுக்குடல்களின் சுவரைச் சிதைத்துக் குருதியைப் பெருக்கும். உட்சென்ற நாலாம் அல்லது ஐந்தாம் நாளிற் குருதி தோன்றும். ஏறக்குறைய ஏழாம் நாளில் தடித்த உறையுடைய நோய்வித்துக்கள் எச்சத்துடன் வெளிப்படும்.

ஈண்டு ஓர் உண்மை சிறப்பாக நோக்கற்பாலது. வெளிப்பட்ட உடனே அவ்வித்து நோய் விளைப்பதில்லை. ஈரம், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வாய்ப்பின், ஒன்றிரண்டு நாளில் அது முதிர்ந்து ஆற்றல் பெறும். வெப்பத்தையும் காற்றையும் நாம் தடுத்தல் இயலாது, ஈரத்தைத் தடுக்கலாம். முதிர்வதற்கு முன் எச்சத்தை அகற்றவும் செய்யலாம். தடுப்புமுறை முழுவதும் இவ்விரண்டனுள் அடங்கும்.

கழிச்சல் யாவும் ஒன்றல்ல. பொரித்த இரண்டு வாரத்துள் சுண்ணாம்புபோன்ற வெண்கழிச்சலுடன் குஞ்சுகள் மடியின், முட்டைவழி வரும் சல்மொனெல்லா பற்றீரியத்தை ஐயுறல் வேண்டும். பசிய கழிச்சலுடன் மூச்சுத்திணறலும் கழுத்துத் திருகலும் தோன்றின், அது ராணிக்கெட் நோயாகலாம். வைரசால் விளையும் அதற்கு மருந்தில்லை. முன்னரே இடும் தடுப்பூசியே காப்பு. ஆதலின், கண்ட மருந்தை வாங்கிப் புகட்டாது, இறந்த குஞ்சொன்றை அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

குருதிக்கழிச்சலே எனத் துணியப்படின், அம்ப்ரோலியம் என்னும் மருந்து பயன்படும். ஒரு லீற்றர் குடிநீருக்கு 120 முதல் 240 மில்லிகிராம் வரை மூன்று முதல் ஐந்து நாளும், பின்னர் 60 மில்லிகிராமாக ஓரிரு வாரமும் கொடுப்பது வழக்கம். கடைத்தூள்களின் செறிவு வேறுபடுமாதலால், உறையிலுள்ள அளவுக் குறிப்பை நோக்கல் வேண்டும். இம்மருந்து உயிர்ச்சத்து பீ1ஐப் போலத் தோன்றி ஒட்டுண்ணியை ஏமாற்றுவது. எனவே, அவ்வேளையில் அவ்வுயிர்ச்சத்தைக் கலந்து கொடுத்தல் மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். நோயுற்ற குஞ்சு இரை வெறுப்பினும் நீர் அருந்தும். அதனாலேயே மருந்து நீரிற் கலக்கப்படுகின்றது.

இனித் தடுப்பு. கூட்டை நிலத்தினின்று உயர்த்தி, எச்சம் கீழே விழுமாறு இடைவெளி விட்டுச் சலாகை பரப்பி, விழுந்ததை நாடோறும் அகற்றுக. தரையில் வளர்ப்பின் உலர்ந்த உமி பரப்பி, நனைந்த பகுதியை உடனே மாற்றுக. நீர்ப்பாத்திரத்தையும் தீன்பாத்திரத்தையும் குஞ்சின் முதுகளவு உயர்த்தி வைப்பின், எச்சம் அவற்றுட் படாது. வேறுபட்ட வயதுக் குஞ்சுகளை ஒருங்கே அடைத்தலாகாது. தொற்றுநீக்கி மருந்துகள் பெரும்பாலும் இவ்வித்தின் தடித்த உறையை ஊடுருவா. கொதிநீரும் கடுவெயிலும் அதனை அழிக்க வல்லன.

எனினும், இவ்வொட்டுண்ணியை வளவினின்று முற்றாக ஒழித்தல் அரிது. சிறிதளவே உட்கொண்டு பிழைத்த குஞ்சு அதனை எதிர்க்கும் வலிமை பெறும். தாய்க்கோழி நோயின்றி நிற்பது அவ்வலிமையினாலேயாம். ஆயினும் அதன் எச்சத்தில் வித்துக்கள் வெளிப்படுதலுண்டு. ஆகவே, வளர்ப்போர் கடமை கிருமியை வேரறுத்தலன்று, அது பெருகாது காத்தலே. மாரி பிறக்குமுன் கூரையின் கிடுகை மாற்றி ஒழுக்கை அடைக்கும் இல்லத்தவர், அன்றே கோழிக்கூட்டின் கூரையையும் நோக்குவாராயின், மருந்துக்கடைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் மிச்சமாகும்.