பொண்ணோட ஆராய்ச்சிப் படிப்புக்குத் தோட்டப் பத்திரத்தை அடகு வைக்கலாமா? ஒரு சிலமலை கணக்கு

எஜுகேஷன் லோன் பத்தி நாம போட்ட வீடியோவைப் பார்த்துட்டு, போடி பக்கம் சிலமலையில இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினாரு. ஏலத்தோட்டத்துல காய் உலர்த்துற ஸ்டோர்ல வேலை. விடியக்காலையில ஜீப் ஏறி போடிமெட்டு வழியா மலைக்குப் போயிட்டு, பொழுது சாயும்போது இறங்குறவரு. பொண்ணு அரசு பொறியியல் கல்லூரியில மெக்கானிக்கல் கடைசி வருஷம்.

“தம்பி, பாப்பாவுக்கு ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. ஒரு ஏஜென்ட்கிட்ட கேட்டோம். முதல்ல வெளிநாட்டுல எம்.எஸ். படிக்கணுமாம், 30 லட்சம் ஆகுமாம். தோட்டப் பத்திரத்தை வச்சா பேங்க்ல லோன் கிடைக்கும்ங்கிறாரு. வச்சிரலாமா?”

“அண்ணே, ஆராய்ச்சிக்கு நாம காசு கட்டணும்னு யாரு சொன்னது? நல்ல இடத்துல சேர்ந்தா, மாசாமாசம் அவங்கதான் உங்க பொண்ணுக்குக் கொடுப்பாங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்தக் கட்டுரை அவருக்காகவும், அவரை மாதிரி பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கிற எல்லா அப்பா அம்மாவுக்காகவும்.

முதல்ல லோன் கணக்கு

30 லட்சம், 11% வட்டி, படிப்பும் வேலை தேடுற காலமும் சேர்த்து இரண்டரை வருஷம் தவணை இல்லைன்னு வச்சுக்குவோம். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். மொத்தப் பணத்தையும் ஆரம்பத்துலயே வாங்கியிருந்தா, அந்த வட்டி மட்டும் 8.25 லட்சம். ஆக கடன் 38.25 லட்சம். அதை 10 வருஷத்துல கட்ட, மாசம் சுமார் 52,700 ரூபாய் ஈ.எம்.ஐ. பணத்தைத் தவணை தவணையா வாங்கினா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அங்க வேலை கிடைச்சா கட்டிரலாம். கிடைக்கலைன்னா? தோட்டம் போகும்.

இப்போ ஆராய்ச்சிக் கணக்கு

நம்ம ஊர்ல பி.எச்டி. உதவித்தொகையை மத்திய அரசு 2023 ஜனவரி 1 முதல் உயர்த்தியிருக்கு.

• முதல் 2 வருஷம் (ஜே.ஆர்.எஃப்.): மாசம் ரூ.37,000
• அடுத்து (எஸ்.ஆர்.எஃப்.): மாசம் ரூ.42,000

ஐ.ஐ.டி.கள்ல கிடைக்கிற உதவித்தொகையும் இதே அளவுதான். 5 வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க: 8.88 லட்சம் + 15.12 லட்சம் = சரியா 24 லட்சம். ஒரு பக்கம் 38 லட்சம் கடன், இன்னொரு பக்கம் 24 லட்சம் வரவு. கல்விக்குன்னு கொடுக்கிற உதவித்தொகைக்கு வருமான வரியும் இல்லை.

இதுக்கும் மேல, 2018 பட்ஜெட்ல அறிவிச்ச பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கு. அந்தத் திட்டத்துல முதல் 2 வருஷம் மாசம் ரூ.70,000, மூணாவது வருஷம் ரூ.75,000, கடைசி 2 வருஷம் ரூ.80,000. மொத்தம் 45 லட்சம். ஆனா போட்டி ரொம்பக் கடுமை. கிடைச்சா லாபம்னு வச்சுக்கங்க, இதை நம்பி மட்டும் திட்டம் போடாதீங்க.

உள்ள போற வாசல் எது?

இன்ஜினியரிங் பசங்களுக்கு கேட் தேர்வு. வழக்கமா பிப்ரவரியில நடக்கும், விண்ணப்பம் அதுக்கு முந்தின ஆகஸ்ட், செப்டம்பர்லயே முடிஞ்சிரும். கேட் மதிப்பெண்ணோட எம்.டெக். சேர்ந்தா, மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாசத்துக்குக் கிடைக்கும். அதுக்கப்புறம் பி.எச்டி. நல்ல மதிப்பெண் இருந்தா பி.இ. முடிச்சதும் நேரா பி.எச்டி. சேர்றதுக்கும் வழி இருக்கு. விதி ஒவ்வொரு இடத்துலயும் மாறும், அறிவிப்பைப் படிச்சுப் பாருங்க.

கணக்கு எடுத்த பசங்களுக்கு (போடி சி.பி.ஏ. காலேஜ்ல கணக்கு படிக்கிற தம்பி தங்கச்சிகளே, இது உங்களுக்கு!) வாசல் நிறைய. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப். வாங்கலாம். தேசிய உயர்கணித வாரியம் தனியா தேர்வு வச்சு உதவித்தொகை கொடுக்குது. சென்னை தரமணியில கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில சென்னை கணிதவியல் கழகம் இருக்கு. பயன்பாட்டுக் கணிதம்னா, பெங்களூர்ல டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதுக்குன்னே ஒரு மையம் நடத்துது.

“அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு தம்பி”ன்னு அண்ணன் சொன்னாரு. நான் திருப்பிக் கேட்டேன்: “பச்சைக் காய் அஞ்சு கிலோ போட்டா உலர்ந்து எவ்வளவு அண்ணே வரும்?” “ஒரு கிலோ வரும்.” “சூடு கூடினா?” “நிறம் போயிரும், ஏலத்துல விலை விழுந்துரும்.”

இதுதாண்ணே ஆராய்ச்சி! 80% ஈரத்தை 10, 12 சதவீதத்துக்குக் கொண்டு வரணும், பச்சை நிறம் போகக்கூடாது, விறகும் குறைவா ஆகணும். காய்க்குள்ள இருந்து ஈரம் எப்படி வெளியேறுதுங்கிறதைச் சமன்பாடா எழுதினா அது பயன்பாட்டுக் கணிதம். அதை வச்சு நல்ல உலர்த்தி செஞ்சா அது மெக்கானிக்கல். நீங்க ராத்திரி முழுக்கக் கண் முழிச்சுப் பார்க்கிற வேலையைத்தான் பாப்பா காகிதத்துல பார்க்கப் போகுது.

ஆராய்ச்சின்னதும் நம்ம பக்கம் ஞாபகம் வர்றது பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம்தான். 2015ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு, எதிர்ப்பு வந்துச்சு, மலையில ஆய்வகம் வரவே இல்லை. ஆனா அந்தத் திட்டத்துக்காக 2008லயே பி.எச்டி. மாணவர்களை எடுக்க ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கு மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்தாங்க. கட்டடம் வராட்டியும் படிச்ச படிப்பு அவங்க கையில இருக்கு.

வெளிநாட்டு ஆசை தப்பா?

தப்பே இல்லை. ஆனா எம்.எஸ். வேற, பி.எச்டி. வேற. எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் நாம பணம் கட்டணும். பி.எச்டி.க்கு நல்ல இடங்கள்ல அவங்க கொடுப்பாங்க. அமெரிக்காவுல பி.இ. முடிச்சதும் நேரா பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். முழு நிதியுதவின்னா கட்டணம் தள்ளுபடி, மாசச் செலவுக்குப் பணம் ரெண்டும் சேர்ந்தது. ஜெர்மனி, நெதர்லாந்துல பல பி.எச்டி. இடங்கள் ஒப்பந்தத்தோட கூடிய சம்பள வேலை. ஆனா அங்க பொதுவா முதுகலை முடிச்சிருக்கணும். அந்த முதுகலையை இங்கேயே கேட் உதவித்தொகையில முடிச்சிரலாமே!

இதுக்கெல்லாம் பேராசிரியருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேரா எழுதணும். நடுவுல ஏஜென்ட் எதுக்கு?

பி.எச்டி. முடிச்சதுக்கு அப்புறம் போஸ்ட்டாக். இங்க ரிசர்ச் அசோசியேட் பதவிக்கு ரூ.58,000ல ஆரம்பிச்சு ரூ.67,000 வரைக்கும், வீட்டு வாடகைப்படி தனி. ஐரோப்பாவோட மேரி கியூரி உதவித்தொகைக்கும் முயற்சி பண்ணலாம். ஆனா அது நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்த வேலை. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததைத் தேடணும்.

மறைக்காம சொல்ல வேண்டியது

• பணம் சில நேரம் தாமதமா வரும். ரெண்டு மூணு மாசத்துக்குச் சேர்த்து வர்றதும் உண்டு. அதனால முதல் வருஷத்துலயே 4 மாசச் செலவைத் தனியா சேர்த்து வைங்க.
• 37,000ல இருந்து 42,000 தானா ஏறாது. ரெண்டு வருஷ வேலையைக் குழு பார்த்துட்டுத்தான் ஏத்தும்.
• உதவித்தொகைக்கு பி.எஃப். கிடையாது. மாசம் 2,000 ரூபாயாவது பி.பி.எஃப்.ல போடப் பழகுங்க.
• எல்லா பி.எச்டி.க்கும் பணம் வராது. பகுதி நேரம், சொந்தச் செலவு, வெளிப்பதிவுன்னு பல வகை இருக்கு.

சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க: உதவித்தொகை யார் கொடுக்கிறாங்க? எத்தனை வருஷத்துக்கு? கட்டணம் போக கையில எவ்வளவு நிக்கும்? வழிகாட்டிகிட்ட இதுக்கு முன்னாடி சேர்ந்தவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க? கடைசிக் கேள்விக்குப் பதில், அங்க இப்போ படிக்கிற பசங்ககிட்டதான் கிடைக்கும்.

கடைசியா அண்ணன் தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டாரு: “முடிக்கும்போது பாப்பாவுக்கு 27 ஆயிரும் தம்பி. சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?” அதுக்கு என்கிட்ட கால்குலேட்டர் இல்லை நண்பர்களே. ஒண்ணு மட்டும் சொன்னேன்: “அண்ணே, லோன் எடுத்தாலும் ஈ.எம்.ஐ. முடியும்போது பாப்பாவுக்கு 33, 34 ஆயிரும். அதுவரைக்கும் பத்திரம் பேங்க்ல இருக்கும். இதுல 27 வயசுல கடனும் இருக்காது, பத்திரமும் பீரோவுல இருக்கும்.”

கேட் ரிசல்ட் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்காரு. நீங்களும் அவசரப்படாதீங்க.

உங்க வீட்டுல யாராவது உதவித்தொகையில பி.எச்டி. படிக்கிறாங்களா? பணம் மாசாமாசம் ஒழுங்கா வருதா? கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்.