சேஸ்: ஓட்டமும் சட்டமும்

எங்கள் அச்சுக்கூடத்தில் 'சேஸ்' என்றால் ஓர் இரும்புச் சட்டம். நாலு பக்கமும் கனமான பட்டை, நடுவே வெற்றிடம். கோத்த ஈய எழுத்துகளைக் கல்மேசையில் இறக்கி, சுற்றிலும் சேஸை வைப்போம். இடைவெளியில் மரக்கட்டைகளைக் கொடுத்து ஆப்புகளை முடுக்குவோம். பிறகு ஒரு மூலையை லேசாகத் தூக்கி, எழுத்துகளின் மேல் விரலால் அழுத்திப் பார்ப்போம். ஓர் எழுத்து அசைந்தாலும், சட்டத்தில் பூட்டிய அந்தப் பக்கம் 'ட்ரெடில்' அச்சு இயந்திரத்துக்குப் போகாது. ஓட்டத்தில் ஒரு 'ண' நழுவினால் பக்கமே பாழ். எதையும் நகரவிடாமல் பிடித்து வைக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் துரத்தலைக் குறிக்கும் பெயரா என்ற கேள்வி எனக்குள் வெகுகாலம் இருந்தது. எழுத்துக் கோக்கும் கம்போசிங் வேலையை விட்டுப் பிழை திருத்த வந்து, பெரிய ஆங்கில அகராதிகள் கைக்கு எட்டியபோதுதான் விடை கிடைத்தது. அவை ஒரே உருவத்தில் திரியும் வேறு வேறு சொற்கள்.

துரத்தலைக் குறிக்கும் சேஸ் வேட்டையில் பிறந்தது. பிடிக்க முயல்வதைக் குறித்த ஒரு லத்தீன் வினை பிரான்சின் இரண்டு வட்டார வழக்குகள் வழியாக இங்கிலாந்துக்கு இரண்டு முறை வந்தது. ஒரு வழியில் வந்தது 'சேஸ்'. நார்மன் பேச்சு வழியாக வந்தது 'கேட்ச்'. கடையில் நாம் செய்யும் 'பர்ச்சேஸ்'கூட இந்தக் குடும்பம்தான். முதலில் அதற்கு அலைந்து தேடி அடைதல் என்றே பொருள். காசு கொடுத்து வாங்குவது பின்னால் சேர்ந்தது.

இடைக்கால இங்கிலாந்தில் வேட்டை நிலத்துக்கே இந்தப் பெயர் இருந்தது. அரசரின் வேட்டைக்காடு 'ஃபாரஸ்ட்'. பிரபு ஒருவருக்கு உரிமையான, வேலியில்லாத வேட்டை நிலம் 'சேஸ்'. ஸ்டாஃபர்ட்ஷயரில் கேனக் சேஸ் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. காடும் புதரும் நிறைந்த அந்த இடத்துக்கு இப்போது மக்கள் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் போகிறார்கள்.

'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற பந்தயத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1752-இல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இருவர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரேல் தேவாலயம் வரை குதிரை விட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. தொலைவில் தெரியும் 'ஸ்டீப்பிள்', அதாவது தேவாலயக் கோபுரம்தான் வழிகாட்டி. குறுக்கே வரும் வேலி, ஓடை எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். அந்த வேலியும் ஓடையும் இன்று தடகள மைதானத்துக்குள் வந்துவிட்டன. 3,000 மீட்டரில் 28 தடைத் தாண்டல், 7 நீர்ப்பள்ளத் தாண்டல். 2022 காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டு ஓட்டக்காரர் அவினாஷ் சாப்ளே 8 நிமிடம் 11.20 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கியது இதில்தான்.

நம் ஊரில் இந்தச் சொல் அதிகம் புழங்குவது கிரிக்கெட்டில். அங்கே துரத்தப்படுவது ஆளல்ல, ஓர் எண். 2008 டிசம்பரில் சேப்பாக்கம் டெஸ்டின் நான்காம் இன்னிங்ஸில் இந்தியாவுக்கு இங்கிலாந்து வைத்த இலக்கு 387. சேவாக் 68 பந்தில் 83 அடித்துப் பயத்தைப் போக்கினார். கடைசி நாளில் சச்சின் ஆட்டமிழக்காமல் 103, யுவராஜ் ஆட்டமிழக்காமல் 85. ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. மும்பைத் தாக்குதல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. அந்த சேஸை வெறும் ஸ்கோராக என்னால் இன்றும் பார்க்க முடியவில்லை.

இனி எங்கள் சட்டத்துக்கு வருகிறேன். அதன் மூலம், பெட்டியைக் குறிக்கும் 'கப்ஸா' என்ற லத்தீன் சொல். எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்திருந்த 'கேஸ்' பெட்டியும் அதே வழியில் வந்ததுதான். நாள் முழுக்க கேஸிலிருந்து எழுத்தெடுத்து சேஸுக்குள் அடைத்த எங்களுக்கு, இரண்டும் உடன்பிறப்பு என்று தெரியாது. அந்தக் கப்ஸாவோ, பிடித்தலைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்தது. வேட்டை சேஸின் மூதாதையும் அதே வினைதான். பல நூற்றாண்டு பிரிந்து கிடந்த சொந்தம்! ஒயர் குழாய் பதிக்கச் சுவரில் வெட்டும் காடியை எலக்ட்ரீஷியன்கள் 'சேஸிங்' என்பதும் பெட்டி வழி வந்ததே.

மொழிபெயர்த்து வரும் தாள்களில் இந்தச் சொல் எல்லா இடத்திலும் 'துரத்தல்' ஆகிவிடுகிறது. இளம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பக்கத்துச் சொல்லைப் பார்க்கச் சொல்வேன். சுவரும் குழாயும் இருந்தால் காடி. ஈய எழுத்தும் ஆப்பும் இருந்தால் சட்டம். வரைபடத்தில் ஊர்ப் பெயரோடு ஒட்டி வந்தால், மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.