பாலம் அமைப்போரும் பராமரிப்போரும்
இராணுவப் பொறியியல் அமைப்புகளின் பல்துறைப் பணிகள்

2017 செப்டம்பர் 29 அன்று காலை, பலத்த மழை பெய்துகொண்டிருந்த வேளையில், மும்பையின் எல்ஃபின்ஸ்டன் ரோடு, பரேல் இரயில் நிலையங்களை இணைக்கும் குறுகலான நடைபாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். ஒரு காலத்தில் துணி ஆலைகள் நிறைந்திருந்த அப்பகுதி அலுவலகப் பகுதியாக மாறியதும், பயணிகளின் எண்ணிக்கை பெருகிய அளவிற்குப் பாலத்தின் அகலம் பெருகவில்லை. அகலமான புதிய பாலத்திற்கு முன்னரே அனுமதி அளிக்கப்பட்டிருந்தும் அது கட்டப்படாமலே இருந்தது.

அடுத்த மாத இறுதியில், எல்ஃபின்ஸ்டன் ரோடு, கரி ரோடு, அம்பிவிலி ஆகிய மூன்று நிலையங்களிலும் நடைபாலம் அமைக்கும் பொறுப்பு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பம்பாய் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவினர் அமைத்த இப்பாலங்கள் 2018 பிப்ரவரி 27 அன்று திறக்கப்பட்டன. எல்லையைக் காக்க வேண்டிய படையைப் புறநகர் இரயில் நிலையத்திற்கு அழைக்கலாமா என்ற விவாதம் அப்போது எழுந்தது. இவ்வினாவிற்கு விடை காண, இராணுவப் பொறியியல் அமைப்புகள் எவை, அவை ஒவ்வொன்றும் ஆற்றும் பணி யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மூவகைப் பணி

இராணுவத்தின் பொறியியல் பணியை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, போர்க்களப் பொறியியல். படை முன்னேறப் பாலம் அமைத்தல், கண்ணிவெடிகளை அகற்றுதல் போன்றவை இதில் அடங்கும். பெங்களூரை மையமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸ், ரூர்க்கியின் பெங்கால் சேப்பர்ஸ், புனேயை அடுத்த கட்கியின் பம்பாய் சேப்பர்ஸ் ஆகியோர் இப்பணியினர். இரண்டாவது, 1960-ல் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு. மூன்றாவது, எம்.இ.எஸ். எனப் பரவலாக அழைக்கப்படும் இராணுவப் பொறியியல் பணித்துறை. முப்படைகளுக்கும் தேவையான கட்டடம், சாலை, ஓடுதளம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றை அமைத்துப் பராமரிப்பது இத்துறையே.

சேப்பர்கள் தம் கைகளாலேயே வேலை செய்வர். எம்.இ.எஸ். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள் வழியே வேலை வாங்குகிறது. மக்கள் கண்ணில் படுவோர் முதல்வகையினர். ஆண்டு முழுவதும் ஓயாது நடைபெறுவதோ மூன்றாம் வகைப் பணி.

விரைவின் காரணம்

சேப்பர்களின் விரைவிற்கு அடிப்படை பெய்லி பாலம். இரண்டாம் உலகப் போரின்போது டொனால்டு பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்த இப்பாலத்தின் அடிப்படை உறுப்பு 10 அடி நீளமுள்ள எஃகுச் சட்டகம் ஆகும். ஏறத்தாழ 260 கிலோ எடையுள்ள ஒரு சட்டகத்தை ஆறு பேர் தூக்கிச் செல்லலாம். சட்டகங்களை முளைகளால் பிணைத்து, உருளைகளின் மீது ஏற்றி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளிவிடலாம். பாரந்தூக்கி இன்றியும் வேலை முடியும். உறுப்புகள் முன்னரே செய்து சேமிக்கப்பட்டுள்ளன. ஆட்கள் முன்னரே பயிற்சி பெற்றுள்ளனர். ஆணையிடும் அதிகாரம் ஓரிடத்தில் உள்ளது. விரைவின் இரகசியம் இம்மூன்றே.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது, சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைக்க மெட்ராஸ் சேப்பர்ஸ் 190 அடி நீளப் பாலத்தை ஏறத்தாழ ஒன்றரை நாளில் முடித்து, ஆகஸ்டு 1 அன்று போக்குவரத்திற்குத் திறந்தனர். 24 டன் வரை எடை தாங்கும் அப்பாலத்தின் வழியே மீட்பு இயந்திரங்கள் மறுகரை சென்றன.

ஆனால் எல்ஃபின்ஸ்டன் ரோட்டில், ஏறத்தாழ 73 மீட்டர் நீளமுள்ள பாலத்திற்கு நான்கு மாதங்கள் தேவைப்பட்டன. முதலில் குறிக்கப்பட்ட ஜனவரி 31 என்ற நாளும் தள்ளிப்போயிற்று. அங்கு இரயில்கள் ஓடும் தடங்களுக்கும் 25,000 வோல்ட் மின்கம்பிகளுக்கும் மேலாக, போக்குவரத்தை நிறுத்திக் கிடைக்கும் சில மணி நேரங்களில் வேலை செய்ய வேண்டும். தூண்களுக்கு அடித்தளமும் இட வேண்டும். சீருடை அணிந்தவர் செய்வதால் மட்டும் இத்தடைகள் மறைந்துவிடுவதில்லை.

வரலாற்றுப் பின்னணி

படைப் பொறியியலும் பொதுப்பணியும் இந்நாட்டில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சாலை, பாலம், கால்வாய் ஆகிய பொதுப்பணிகளையும் இராணுவ வாரியமே கவனித்தது. 1850-களில் டல்ஹவுசி காலத்தில்தான் பொதுப்பணித்துறை தனியே உருவாயிற்று. கொள்ளிடத்தில் அணை கட்டி, பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பிய ஆர்தர் காட்டனும், 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பென்னிகுவிக்கும் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர்களே. இன்றைய எம்.இ.எஸ். 1923 செப்டம்பர் 26 அன்று நிறுவப்பட்டு, 2023-ல் நூற்றாண்டு கண்டது.

இத்துறையில் படை அதிகாரிகளும் குடிமைப் பொறியாளர்களும் இணைந்து பணியாற்றுகின்றனர். பின்னவர் மத்தியத் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வு வழியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தலைமையில் என்ஜினியர்-இன்-சீஃப், மண்டலங்களில் தலைமைப் பொறியாளர்கள், களத்தில் காரிசன் என்ஜினியர் என அதிகார வரிசை அமைந்துள்ளது. கட்டடமும் சாலையும் ஒரு பிரிவு; மின்சாரமும் இயந்திரங்களும் மற்றொரு பிரிவு. குடியிருப்புகளுக்கு மேசை, நாற்காலி வழங்குவதும் இத்துறையின் பொறுப்பே.

மும்பையில் அன்றாடப் பணி

மும்பை இத்துறையின் பணி வகைகளை ஒருங்கே காட்டும் நகரம். தெற்கே கொலாபாவில் படைமுகாமும் அசுவினி கடற்படை மருத்துவமனையும் உள்ளன. கிழக்கே செம்பூரை அடுத்த மான்கூர்டில் கடற்படைத் தளமும், திராம்பேயில் கடற்படை ஆயுதக் கிடங்கும் உள்ளன. மருத்துவமனைக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும். ஆயுதக் கிடங்கிற்கு இடிதாங்கியும் தீத்தடுப்பும் வேண்டும். குடியிருப்பிற்குக் குழாயில் தண்ணீர் வேண்டும்.

பெரும் பணிகளும் இல்லாமல் இல்லை. எம்.இ.எஸ். அதிகாரிகள் பணியாற்றும் கடற்படைத் திட்டத் தலைமை இயக்ககத்தின் பொறுப்பில், 281 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்ட விமானந்தாங்கிக் கப்பல் உலர்துறை அமைக்கப்பட்டு, 2019 செப்டம்பர் 28 அன்று திறக்கப்பட்டது.

ஆயினும் இந்நகரில் பொறியாளரின் நிலையான எதிரி கடற்காற்றே. காற்றில் வரும் உப்பு காங்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. விரிசல் தோன்றிய ஆண்டிலேயே அதைச் சரிசெய்தால் செலவு சிறிது. தள்ளிப்போட்டால் தளத்தையே இடித்துக் கட்ட நேரும். ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்குமுன் கூரைகளில் நீர்த்தடுப்பு, வடிகால் துப்புரவு ஆகியவற்றை முடிக்க வேண்டும். இவற்றுக்குத் திறப்பு விழா இல்லை.

ஆள்பலமும் செலவும்

பராமரிப்பை யார் செய்வது என்பது இப்போது ஒரு கொள்கை வினாவாகியுள்ளது. ஷெகத்கர் குழுவின் பரிந்துரைப்படி, எம்.இ.எஸ்.-ன் அடிப்படை, தொழிலகப் பணியாளர் பிரிவுகளில் காலியாக இருந்த 13,157 இடங்களில் 9,304 இடங்களை நீக்க 2020 மே மாதத்தில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பணியின் ஒரு பகுதியைத் துறை ஊழியரும் மறுபகுதியை ஒப்பந்தக்காரரும் செய்ய வேண்டும் என்பது இதன் நோக்கம். ஊதியச் செலவு குறைவது உறுதி. ஆனால் ஒப்பந்தப் பணியின் தரம், அதை அளந்து மேற்பார்வையிடும் பொறியாளரின் எண்ணிக்கையையும் திறனையும் பொறுத்தது. பழைய பம்பு எந்த மாதத்தில் பழுதாகும் என்று அறிந்த ஊழியரின் அனுபவத்தை எந்த ஒப்பந்தப் புள்ளியும் விலை குறித்துக் கேட்பதில்லை. இவ்விழப்பு கணக்கில் எழுதப்படாவிடினும் செலவே ஆகும்.

படிப்பினை

வயநாட்டில் படையினரை அழைத்தது இயல்பானது. அங்குத் தேவை எதிர்பாராதது. எல்ஃபின்ஸ்டன் ரோட்டில் தேவை பல ஆண்டுகள் முன்னரே தெரிந்திருந்தது. அவசரக் காலத்தில் சேப்பர்களின் உதவியைப் பெறுவதில் தவறில்லை. அதுவே வழக்கமாகிவிட்டால், உரிய துறைகள் தம் கடமையைத் தள்ளிப்போடவும், படையின் பயிற்சிக்காலம் வீணாகவும் இடமுண்டு. குடிமைத் துறைகள் இராணுவப் பொறியியலிடமிருந்து கடன் வாங்க வேண்டியது அதன் ஆட்களை அன்று, அதன் முறைகளையே. தேவைப்படும் உறுப்புகளை முன்னரே சேமித்து வைத்தல், பொறுப்பை ஒருவரிடம் தெளிவாக ஒப்படைத்தல், பழுது பெரிதாகுமுன் ஆண்டுதோறும் பராமரிப்பிற்கு நிதி ஒதுக்குதல் ஆகிய மூன்றும் எந்த மாநகராட்சியாலும் எந்த இரயில்வே கோட்டத்தாலும் இயலக்கூடியவையே.