லினக்ஸ் கணினித் தொகுதிகளில் தமிழ் அகரவரிசை: சொல்லடைவுத் தரவின் நம்பகத்தன்மை

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடபுறம் அமைந்த ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர். 1732இல் அவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. அகரவரிசை அதற்கு முன்பே அகராதி நிகண்டில் இடம்பெற்றதுதான்; எனினும், செய்யுள் நிகண்டுகளை மனனம் செய்யாதவரும் சொல்லைத் தேடியடையும் முறை சதுரகராதியால் நிலைபெற்றது. இன்று சொல்லடைவும் சொல்நிகழ்வெண்ணும் லினக்ஸ் சேவையகங்களில் உருவாகின்றன. அங்கு அகரவரிசை தானாக அமைவதில்லை.

‘ஏலாக்குறிச்சி’ தமிழ் மரபில் ஏழெழுத்துச் சொல். யூனிகோடில் அது 13 குறியெண்களாகவும், யுடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. மொழி அமைவு எதுவும் குறிப்பிடப்படாத நிலையில், அதாவது ‘சி’ என்னும் அடிப்படை அமைவில், லினக்ஸின் ‘சார்ட்’ கட்டளை பைட்டுகளையே ஒப்பிடுகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எனவே ‘அன்பு’ ‘அப்பம்’ என்பதற்கு முன்னும், ‘அறம்’ ‘அவை’ என்பதற்கு முன்னும் வந்துவிடுகின்றன. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பிற்பட்டது. ஆகவே ‘கலை’ முந்தி, ‘கல்’ பிந்துகிறது.

தனிக்கணினியில் இப்பிழை கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். கணினித் தொகுதியில் நிலைமை வேறு. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் தொடங்கப்பெற்ற, 838 டெராஃபிளாப்ஸ் திறன் கொண்ட பரம் பொருள் போன்ற மீத்திறன் கணினிகள், பல கணுக்களை அதிவேக வலையமைப்பால் இணைத்தவை. இத்தகைய அமைப்பில் பெரிய தரவகம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, கணுதோறும் தனித்தனியே வரிசைப்படுத்தப்பட்டு, இறுதியில் ஒன்றிணைக்கப்படும். ஸ்லர்ம் என்னும் பணி ஒதுக்கி, பயனர் நுழைந்த கணுவின் சூழல் மாறிகளைக் கணிப்புக் கணுக்களுக்கும் இயல்பாகவே அனுப்புகிறது. ஆனால் தமிழ் அமைவின் பெயர் சென்றடைவதால் மட்டும் பயனில்லை; அதற்குரிய கோப்பு அக்கணுவில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இடம் மிச்சப்படுத்தக் குறுக்கப்பட்ட இயங்குதளப் படிமங்களில் மொழிக்கோப்புகளே முதலில் நீக்கப்படுகின்றன. அப்போது ‘சார்ட்’ எந்த எச்சரிக்கையும் தராமல் ‘சி’ அமைவுக்குத் திரும்பிவிடும். இருவேறு வரிசைகளில் அமைந்த துண்டுகளை ஒன்றிணைத்தால் ஒரே சொல் ஈரிடங்களில் நின்று, அதன் நிகழ்வெண் இரண்டாகச் சிதறும். பணி வெற்றியுடன் முடிந்ததாகவே பதிவேடு காட்டும். ஆய்வாளர் அந்த எண்ணைக் கொண்டு நடையியல் முடிவுக்கு வருவார்.

எல்லாக் கணுக்களையும் ஒரே படிமத்திலிருந்து இயக்குவது நிர்வாகியின் கடமை. ஆய்வாளர், இடைநிலைப் பணிகள் அனைத்திலும் ‘சி’ அமைவையே பணிக்கோப்பில் வெளிப்படையாகக் குறிப்பிடுவது நன்று. அவ்வரிசை தமிழுக்குப் பொருந்தாததே. ஆயினும் எல்லாக் கணுவிலும் ஒரே விதமாகப் பொருந்தாதிருப்பது அதன் சிறப்பு. தமிழ் வரிசை, இறுதிப் பட்டியலுக்கு மட்டும், ஐசியூ நூலகத்தின் தமிழ் விதிகளால் அமையலாம்.

இயங்குதள மாற்றமும் இதே சிக்கலை எழுப்பும். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்ததால் பல நிறுவனங்கள் புதிய பதிப்புக்கு மாற நேர்ந்தது. 2018இல் வெளியான ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளைப் பெரிதும் மாற்றியிருந்தது. பழைய விதிப்படி கட்டப்பட்ட போஸ்ட்கிரஸ் தரவுத்தளச் சுட்டிகள் புதிய இயங்குதளத்தில் பிழைபடக்கூடும். தரவுத்தளத்தில் உள்ள சொல்லையே ‘இல்லை’ எனக் காட்டக்கூடும். மாற்றத்தின்பின் சுட்டிகளை மீளக் கட்டுவது இன்றியமையாதது.

எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கியவராக வீரமாமுனிவர் போற்றப்படுகிறார். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுத இடமுண்டு, தோற்றத்தில் வேறுபாடில்லை. இதனை யூனிகோடின் சீராக்க முறை தீர்த்துவிடும். ஆனால் ‘மௌனம்’ என்பதை எகரக் கொம்பும் ளகரமும் இட்டு ‘மெளனம்’ எனத் தட்டச்சு செய்திருந்தால், கணினிக்கு அது வேறு சொல்லே. இங்கு நிர்வாகியின் கட்டளைகள் உதவா. தமிழறிந்த ஒருவர் சொற்பட்டியலைப் பார்த்தே திருத்த வேண்டும்.